நாலு வரி

ஒரு டாலர் பெட்டிக்குள் கிடந்தது,
விரிசல் விட்ட உறையும் விலைச்சீட்டின் பசையுமாக.
'மார்ச் உப்பு', தொண்ணூற்று மூன்று,
ஒன்பது பாட்டு, முந்நூறே பிரதி.
அட்டையில் அவர்கள் முகம் இல்லை,
உப்பு லாரி கடந்துபோன சாலை மட்டும்.

இதைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன்.
இருபத்து மூன்று வயது. கல்லூரி வார இதழ்.
பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்துக்கு நாலு வரி.
'ஈரத் துணி காயக் காத்திருப்பதுபோல் இருக்கிறது' என்பது ஒன்று.
மற்ற மூன்றும் மறந்துவிட்டன.
அந்த ஒன்றுக்கு அறையே சிரித்தது மறக்கவில்லை.
அப்போது எங்கள் காதெல்லாம் மேற்குக் கரையில் இருந்தது.
டுலூத்திலிருந்து என்ன வந்துவிடப் போகிறது,
இரும்புத் தாதும் குளிரும் தவிர?

குறுந்தட்டு போட இப்போது
என்னிடம் மிச்சமிருப்பது பழைய கார்தான்.
தூக்குப் பாலத்தருகே நிறுத்தி
ஹீட்டரையும் அணைத்துவிட்டுக் கேட்டேன்.
முதல் பாட்டு சுமார்.
இரண்டாவதில் பாடுகிறவன் தேவைக்கு மேல் அழுகிறான்.
பரிகாரமாகப் பொய் சொல்ல மாட்டேன்:
அன்றும் சுமார், இன்றும் சுமார்.

மூன்றாவதில்
கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன,
பனியில் பேருந்துக்கு நிற்கிறவர்களைப் போல.
அடியில் ஓர் உறுமல்.
பதிவின் குறை என்று நான் அன்று தள்ளிய அதே உறுமல்.
ஓரிடத்தில் அது அறுகிறது,
ட்ரம்ஸ் ஓர் அடியைத் தவறவிடுகிறது,
தவறவிட்ட அந்த இடத்தில்
பாட்டு கதவைத் திறந்து வெளியே வந்து நிற்கிறது.
அதன் மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது.

ஏரியிலிருந்து தாதுக் கப்பலொன்று உள்ளே வந்தது.
அதன் ஊதலும் சுருதி சேர்ந்தது என்றால்
கதை விடுகிறான் என்பீர்கள்.
சேரவில்லை.
ஆனாலும் திரும்பத் திரும்ப மூன்றாவதற்கே போனேன்,
ஆறு முறை, விரல் விறைக்கும்வரை.

ஜனவரியில் வீட்டு உலை அணைந்தது.
வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார்.
ஐம்பதைத் தாண்டிய பெண், முழங்காலில் தோல் பட்டை,
சட்டைப் பையில் 'கெர்ட்டா' என்று சிவப்பு நூல்.
வாசலில் நான் 'லைல்' என்றேன், அவ்வளவுதான்.
அடித்தளத்தில் ஒரு மணி நேரம்
ஸ்பேனரும் அவளுமாக இருந்தார்கள்.

கை கழுவ மேலே வந்தவள்
சமையல் மேடையில் தட்டைப் பார்த்தாள்.
எடுக்கவில்லை. ஈரக் கை.
"இதையெல்லாம் இன்னுமா வைத்திருக்கிறார்கள்!
அது ஸ்டூடியோவே இல்லை, சலவைக் கடையின் கீழறை.
தலைக்கு மேல் பதினாலு உலர்த்தி எந்திரம்.
நிறுத்தச் சொன்னதற்குக் கடைக்காரி அடிக்க வந்தாள்.
வேறு வழியில்லை,
அந்த உறுமலுக்கே கிட்டாரைச் சுருதி சேர்த்தோம்.
மூன்றாவதில் யாருடைய துணியோ காய்ந்து
எந்திரங்கள் சட்டென்று நின்றுவிட்டன.
திகைத்துப் போனேன். ஓர் அடி போச்சு."

துண்டில் கையைத் துடைத்தாள், விரல் விரலாக.
"ஒருத்தன் மட்டும் சரியாக எழுதினான்,
ஈரத் துணி காயக் காத்திருப்பதுபோல் என்று.
எப்படிக் கண்டுபிடித்தான் என்று நாங்கள் அசந்துபோனோம்.
போஸ்டரிலேயே போட்டுக்கொண்டோம்."

வாயைத் திறந்தேன்.
காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.
வேண்டாம், இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்றாள்.

கீழே உலை உறுமத் தொடங்கியிருந்தது.
மேடையோரம் வைத்து பில் எழுதினாள்,
வீட்டுக்காரர் பெயரை அடித்துவிட்டு என்னுடையதை.
ஷ்கெர்யான்ஸ்.
தாத்தா ஸ்லோவீனியாவிலிருந்து சுமந்து வந்த பெயர்,
வங்கி முதல் பல் மருத்துவர்வரை இந்த ஊர்
ஏதாவதோர் எழுத்தைத் தின்றுவிட்டே எழுதும் பெயர்.

அவள் கேட்கவில்லை.
ஓர் எழுத்தும் தவறவில்லை.